சீட்டில் கிடந்த பொட்டலம்

சார், அந்த பாட்டிலை ஜன்னல் கம்பிக்கு நடுவில் செருக வேண்டாம். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், வெளியே போய் பின்னால் வருகிற ஸ்கூட்டர்காரன் மேல் விழும். காலடியில் வையுங்கள். ஆம், அப்படித்தான். தப்பாக நினைக்காதீர்கள். நானும் கண்டக்டர்தான். இருபத்தெட்டு வருஷம். இன்றைக்கு லீவு போட்டிருக்கிறேன், காக்கிச் சட்டை இல்லாததால் உங்களுக்குத் தெரியவில்லை.

நீங்கள் டெர்மினஸ் வரைக்குமா? நல்லது. நான் மாவு மில் ஸ்டாப்பில் இறங்க வேண்டும். பதினொரு மணிக்கு அங்கே டிப்போ மாடியில் ஒரு வேலை. வேலை என்றால், போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது பத்து இருபத்தைந்து. கடிகாரம் பார்க்க வேண்டாம், அந்த பெட்ரோல் பங்க்கைத் தாண்டினால் பத்து இருபத்தைந்துதான். மாவு மில் பத்து ஐம்பது. பதினாறு வருஷம் இதே ரூட்டில் ஓடியிருக்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் பஸ் திரும்புகிற விதத்தை வைத்து எந்த ஸ்டாப் என்று சொல்லிவிடுவேன்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அந்தக் கம்பியைப் பாருங்கள். இரண்டு இரும்பு வளையம் தெரிகிறதா? அதில்தான் தொட்டிகள் இருந்தன. நீலம் ஒன்று, பச்சை ஒன்று. பாட்டில், பிளாஸ்டிக் எல்லாம் நீலத்தில். மற்றதெல்லாம் பச்சையில். போன ஆடி மாதம் மாட்டினார்கள், இந்தப் பங்குனியில் கழற்றிவிட்டார்கள். வளையத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ போல இருக்கும்.

வந்த புதிதில் அது எதற்கென்றே யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் அதன் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு குறட்டை விட்டார். ஒரு அம்மாள் மூடியைத் திறந்து பார்த்தார், காலியாக இருந்தது, கத்தரிக்காய்ப் பையை உள்ளே வைத்து மூடிவிட்டார். இறங்கும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டும் போனார். இன்னொருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அதுக்குத்தானே வச்சிருக்கீங்க" என்று என்னையே கேட்டார். நான் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். டிக்கெட் கொடுக்கும்போதே சொல்வேன். "அம்மா, கடலைத் தோல் கீழ போடாதீங்க, அதோ பச்சை." "தம்பி, அந்த பாட்டிலு நீலத்துல." சில பேர் போட்டார்கள். சில பேர் என்னைப் பார்த்துக்கொண்டே கீழே போட்டார்கள்.

புருஷோத்தமன் என்று என் டிரைவர். கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பான். "யோவ் தணிகாசலம், டிக்கெட்ட குடுப்பியா, தொட்டியத் தூக்கினு பின்னாடி ஓடுவியா? ஒண்ணச் செய்யி." டெர்மினஸில் மற்ற கண்டக்டர்கள் விடமாட்டார்கள். "இன்னா தலைவரே, இன்னிக்கு அறுவடை எப்டி?" வீட்டில் என் மனைவி இன்னும் ஒரு படி மேல். "ஊட்ல துன்ன தட்ட நகர்த்தி வெக்க மாட்ட, பஸ்ஸுல ஊர் குப்பையப் பொறுக்குறியா?" என்ன சொல்வது? அவள் சொன்னது உண்மை.

ஏன் அப்படி இருந்தேன் என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஊர் சுத்தமாக இருக்க வேண்டும் என்றா? அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் புரட்டாசியில் ஒரு நாள் டிப்போவில் கூட்டம் போட்டு, மேடையில் ஏற்றி, என் பஸ்ஸுக்கு ஒரு பச்சைக் கொடி கொடுத்தார்கள். 'சுத்தமான பேருந்து' என்று எழுதியிருக்கும். முன் கண்ணாடிக்கு மேலே கட்டிக்கொள்ளலாம். அன்றைக்குக் கைதட்டினார்கள். எனக்கு ஐம்பத்தாறு வயது, சார். அதுவரைக்கும் எனக்காக யாரும் கைதட்டியதில்லை. கல்யாணத்தில்கூட நாதஸ்வரக்காரருக்குத்தான் தட்டினார்கள். மாதா மாதம் பார்த்து, எந்த பஸ் சுத்தமோ அதற்குக் கொடி மாறும். ஐந்து மாதம் அது என் பஸ்ஸை விட்டுப் போகவில்லை.

பத்து முப்பத்திரண்டு. சிக்னலில் நிறுத்திவிட்டான். பரவாயில்லை.

கொடி என்னால் மட்டும் வந்தது என்று சொல்லமாட்டேன். அமலோற்பவம் என்று ஒருத்தி. டெர்மினஸில் பஸ் கூட்டுகிறவள். எங்கள் நிர்வாகத்து ஆள் இல்லை, ஒப்பந்தக் கம்பெனி ஆள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பஸ் வந்து நின்று ஜனங்கள் இறங்கினால் மறுபடி கிளம்ப ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷத்தில் இரண்டு சாக்கோடு ஏறுவாள். ஒரு சாக்கில் பாட்டில், ஒரு சாக்கில் காகிதம். முன் படியில் ஏறி பின் படியில் இறங்கும்போது பஸ் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். மற்ற பஸ்ஸை எல்லாம் சும்மா ஒரு தள்ளு தள்ளுவாள். என் பஸ்ஸுக்கு மட்டும் சீட் இடுக்கில் விரலை விட்டு எடுப்பாள். "அண்ணே, கொடி போச்சுன்னா உன் மூஞ்ச பாக்க முடியாதுண்ணே" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அந்த ஏழு நிமிஷத்துக்கு ஒரு எதிரி உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நீங்களும் செய்திருப்பீர்கள். ஜன்னல் வழியாகச் சீட் பிடிப்பது. பஸ் இன்னும் காலியாகவில்லை, வெளியிலிருந்து கை வந்துவிடும். கைக்குட்டை, துண்டு, குடை, பேப்பர். ஒருத்தர் செருப்பை வைத்தார். எதை வைத்தாலும் அது அவர் சீட். இந்த ஊரில் அதை யாரும் எடுக்கமாட்டார்கள். சண்டை வந்தாலும் "நான் கைக்குட்டை போட்டேன்ல" என்றால் முடிந்தது. இவள் கூட்டுகிற நேரத்தில் இப்படி விழுந்துகொண்டே இருந்தால் எது குப்பை, எது சீட் என்று எப்படிப் பிரிப்பது?

அதனால் ஒரு விதி வைத்தேன். நானே வைத்தேன். கூட்டி முடிக்கும் வரைக்கும் சீட்டில் எது கிடந்தாலும் குப்பை. படியில் நின்று சத்தமாகச் சொல்வேன். "ஜன்னல் வழியா எதுவும் போடாதீங்க! போட்டா சாக்குக்குப் போயிடும்!" முதல் வாரம் இரண்டு பேப்பர், ஒரு கைக்குட்டை சாக்குக்குள் போயின. திட்டினார்கள். அப்புறம் பயந்துகொண்டு போடவில்லை. அமலோற்பவம்தான் தயங்கினாள். "அண்ணே, கர்சீப்ப எடுத்தா பாவம்ணே." "அள்ளும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கணக்கில்லை.

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலையில் இரண்டாவது டிரிப். பஸ் டெர்மினஸில் நிற்கிறது. நான் டைம் கீப்பர் அறைக்குக் கையெழுத்துப் போடப் போனேன். திரும்பி வந்தால் ஒரே கூச்சல். ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், வரதராஜுலு என்று பெயர், வாயைப் பொத்திக்கொண்டு கத்துகிறார். என்னவென்று யாருக்கும் புரியவில்லை. கையை எடுத்ததும் புரிந்தது. வாயில் ஒரு பல்கூட இல்லை.

பல் செட், சார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு மாதம் நடந்து, அளவு கொடுத்து, அன்றைக்குக் காலையில்தான் வாங்கியிருக்கிறார். ஈறு உரசுகிறது, வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். பேப்பரில் சுற்றி ஒரு கவரில் போட்டு, அதை ஜன்னல் வழியாகச் சீட்டில் வைத்திருக்கிறார். கையில் வேறு எதுவும் இல்லையாம். பேப்பரில் சுற்றின பொட்டலம், பார்க்க போண்டா தின்றுவிட்டுப் போட்ட மாதிரி இருந்திருக்கும். அமலோற்பவம் காகிதச் சாக்கில் போட்டுவிட்டாள். மற்ற பஸ்களின் சாக்கோடு அதுவும் வண்டியில் ஏறிப் போய்விட்டது.

சிரிக்கிறீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் அழுதார், அவர் அழுதது சிரிக்கிற மாதிரி இருந்தது. யாரோ ஒருவர் அதை அப்படியே போனில் பிடித்து அனுப்பிவிட்டார். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க. 'பல்லைப் பிடுங்கிய பஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் என் பச்சைக் கொடி தெளிவாகத் தெரிகிறது.

அமலோற்பவம் என்ன செய்தாள் தெரியுமா? வண்டிக்குப் பின்னாலேயே போனாள். குப்பை பிரிக்கிற கொட்டகைக்கு. அன்றைக்கு முழுக்க, மறுநாளும், ஒவ்வொரு பேப்பராகப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். மறுநாள் மத்தியானம் கிடைத்தது. ஓரத்தில் ஒரு விரிசல், அவ்வளவுதான். சோப்புப் போட்டுக் கழுவி, தன் கைக்குட்டையில் சுற்றி, ஆபீஸில் கொண்டுவந்து கொடுத்தாள். என்னிடம் ஓடி வந்து சொன்னாள். "கெடச்சுட்சிண்ணே!" அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று. எங்கள் விதி என்ன? பஸ்ஸில் பயணி விட்டுப்போன பொருள் எதுவானாலும் கண்டக்டரிடம் ஒப்படைக்க வேண்டும். இவள் ஒப்படைக்கவில்லை, மறுநாள் இவளிடமிருந்து கிடைத்தது. ஒப்பந்தக் கம்பெனி மேனேஜர் அப்படியே எழுதிவிட்டார். 'காணாமற்போன பொருள் மேற்படி பணியாளரிடமிருந்து மீட்கப்பட்டது.' மீட்கப்பட்டது! அந்த ஒரு வார்த்தையில் அவள் வேலை போயிற்று. திருட்டு என்று அவர் எழுதவில்லை, ஆனால் வேறு எந்தக் கம்பெனியில் போய்க் கேட்டாலும் அதைப் படித்துவிட்டு வேண்டாம் என்கிறார்கள். பல் செட்டை யாராவது திருடுவார்களா? எடுத்து என்ன செய்வாள், போட்டுக்கொள்வாளா? நான் கேட்டேன். மனசுக்குள் கேட்டேன்.

பெரியவருக்கு வேறு செட் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீடியோ பார்த்த யாரோ ஒரு புண்ணியவான். அவர் இப்போது சௌக்கியமாக முறுக்கு கடிக்கிறார். நான் கேட்கிறேன், அவர் ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாம் இல்லையா? அந்தப் பெண் திருடவில்லை, நான்தான் ஜன்னல் வழியாக வைத்தேன் என்று? சொல்லமாட்டார். எல்லோருக்கும் அவரவர் சௌகரியம். கொடியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் தொட்டியையும் கழற்றினார்கள், எல்லா பஸ்ஸிலும். ஒரு நல்ல காரியம், ஒரு பொட்டலத்தால் போயிற்று.

பத்து நாற்பது. இந்த மாதா கோயிலைத் தாண்டினால் பத்து நாற்பது.

என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எழுதிக் கொடுத்தேன். 'சம்பவம் நடந்தபோது நான் நேரக் காப்பாளர் அறையில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தேன். பேருந்தினுள் நடந்தது எனக்குத் தெரியாது.' அறையில் கையெழுத்து இருக்கிறது, நேரம் போட்டிருக்கிறது. ஒரு எழுத்து பொய் இல்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சீட்டில் இருப்பதை எல்லாம் அள்ளச் சொன்னது நீங்களா என்று கேட்கவில்லை, சார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததை எப்படிச் சொல்வது? எனக்கு ரிட்டயராக இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. சர்வீஸ் புத்தகத்தில் ஒரு குறிப்பு ஏறினால் அது கடைசி வரைக்கும் நிற்கும். நான் தனி ஆள். ஒப்பந்தக் கம்பெனியோடு நான் மோத முடியுமா? மேனேஜரோடு? என் யூனியனில் கேட்டேன். "அவங்க நம்ம ஆளு இல்லியே" என்றார்கள். என்னால் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

போன வாரம் டெர்மினஸில் வந்து நின்றாள். பாதி இளைத்துவிட்டாள். முன்பெல்லாம் "அண்ணே" என்பாள். அன்றைக்கு "சார்" என்றாள். "சார், வர்ற புதன்கெழம பதினோரு மணிக்கு டிப்போ மாடிக்குக் கூப்ட்ருக்காங்க. கடசியா ஒரு தபா கேக்கறாங்களாம். அதோட ஃபைல மூடிருவாங்க." நான் டிக்கெட் கட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். "நீங்க எழுத வாணாம் சார். பேசக்கூட வாணாம். எம் பக்கத்துல வந்து நில்லுங்க. கண்டக்டரே வந்து நிக்கறாருன்னா அவங்களுக்குப் புரியும்."

வருகிறேன் என்றேன்.

"நா மாவு மில் ஸ்டாப்லயே நிக்கறேன் சார், சேந்து போலாம். தனியா அந்த மாடி ஏற ஒரு மாதிரியா கீது."

சரி என்றேன். அதற்காகத்தான் லீவு போட்டேன். இஸ்திரி போட்ட சட்டை. காலையில் என் மனைவி, "எங்க, பொண்ணு பாக்கவா?" என்றாள்.

நேற்று ராத்திரி தூங்கவில்லை. ஒன்று யோசித்துக்கொண்டே இருந்தேன். போய் நிற்கிறேன். மேனேஜர் என்னைப் பார்த்து, நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பார். கேட்பாரா, மாட்டாரா? அப்போது என்ன சொல்வது? எழுதிக் கொடுத்தது ஒன்று, வந்து நிற்பது ஒன்று என்றால் எது நிஜம் என்பார்.

உங்களிடம் சொன்னால் என்ன? டெர்மினஸில் இறங்கிப் போய்விடுவீர்கள். நான் கையெழுத்துப் போடப் போனேன் என்று சொன்னேன் இல்லையா? போனேன். ஆனால் உடனே போகவில்லை. படியில் கால் வைத்துத் திரும்பினேன். நாலாவது ஜன்னலில் ஒரு கை வந்தது. சுருக்கம் விழுந்த கை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. பொட்டலத்தை மெதுவாகத்தான் வைத்தது. குப்பையை யாரும் அவ்வளவு மெதுவாக வைக்கமாட்டார்கள், சார். அமலோற்பவமும் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, யாரோ எடம் புடிக்கறாங்க" என்றாள். எனக்கு எரிச்சல். எத்தனை தடவை கத்தியிருக்கிறேன், இன்னும் திருந்தவில்லையே என்று. மறுநாள் கொடிக்குப் பார்க்க வருகிற நாள் வேறு. "அள்ளு" என்றேன். "அப்பத்தான் புத்தி வரும்." சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடப் போனேன்.

அவள் இதை ஆபீஸில் சொல்லவே இல்லை. அண்ணன் சொல்லித்தான் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? நானே வந்து சொல்வேன் என்று விட்டுவிட்டாளா? அப்படி விடலாமா ஒருத்தரை நம்பி? சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவள் சொல்லாமல் விட்டதால்தான் எனக்கு இத்தனை...

அட, உங்கள் பாட்டில். உருண்டுவிட்டது. உட்காருங்கள், நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நான் எடுக்கிறேன். காலைக் கொஞ்சம் தூக்குங்கள். முன் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. கை எட்டவில்லை. இருங்கள். கீழே ஒன்று கிடந்தால் எடுக்காமல் என்னால் உட்கார முடியாது, பழகிவிட்டது. இன்னும் கொஞ்சம். கம்பியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பஸ் நிற்கும்போதே எடுத்துவிடுகிறேன், ஓடினால் மறுபடி உருளும். ம். மூடி கழன்றிருக்கிறது. மூடியையும் தேட வேண்டும். இருங்கள், இருங்கள்.

இதோ.

முதுகு பிடித்துக்கொண்டது. வயதாகிவிட்டது, பாருங்கள். தண்ணீர் எல்லாம் கொட்டிவிட்டது.

கிளம்பிவிட்டானா? இப்போது நின்றது எந்த ஸ்டாப்?

மாவு மில்லா?

நீங்களாவது சொல்லியிருக்கலாமே, சார். ஏறினவுடனேயே சொன்னேனே, மாவு மில் ஸ்டாப் என்று. நான் கீழே குனிந்திருக்கிறேன், எனக்கு எப்படித் தெரியும்?

ஸ்டாப்பில் யாராவது நின்றார்களா? ஒரு பொம்பளை? மஞ்சள் புடவையா? இருக்கும். அவளிடம் ஒரு மஞ்சள் புடவை உண்டு, கிறிஸ்துமஸுக்குக் கட்டுவாள். ஏறவில்லையே? ஏறமாட்டாள், அவளுக்கு ஏற வேண்டியதில்லை. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாளா. இந்த ஜன்னலையும் பார்த்தாளா?

அவள் கண்ணுக்கு நீங்கள் மட்டும்தான் தெரிந்திருப்பீர்கள்.

அடுத்த ஸ்டாப் தண்ணீர்த் தொட்டி. மூன்று நிமிஷம். அங்கே இறங்கித் திரும்பி நடந்தால் எட்டு நிமிஷம். வேகமாக நடந்தால் ஆறு. பதினொன்றுக்குள் போய்விடலாம். போக முடியாது என்றில்லை. முட்டிதான் வலிக்கிறது, குனிந்ததில். அவள் இந்நேரம் மாடி ஏறியிருப்பாள். ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்காக நிற்கிறாளோ என்னவோ. அவள் அப்படி நிற்கக்கூடியவள்தான். உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள் என்றால் நான் பாதியில் போய்க் கதவைத் தட்டுவதா? அது அவளுக்கே இடைஞ்சலாகப் போனால்?

பாட்டில் காலியாகிவிட்டது. என்னிடமே இருக்கட்டும். உங்களிடம் கொடுத்தால் எங்கே போடுவீர்கள், தொட்டிதான் இல்லையே.

தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டது. இந்த அம்மாள் இறங்க வேண்டுமாம், காலை மடக்கி வழி விடுங்கள். ம், இறங்கிவிட்டார்.

நானா? நான் இறங்கவில்லை. நீங்கள் சாய்ந்து உட்காருங்கள், டெர்மினஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. எனக்கென்ன, பாஸ் இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம்.